மூன்று அடுக்குகளிலும் நகரும் ஒரு மங்கல் புள்ளி: வால்மீனா, கண்ணாடியின் விளையாட்டா?

இருட்டுவானம்

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், தலையும் வாலும் புரியாமல் எழுதுகிறேன். வால் இன்னும் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினையே.

நேற்று இரவு வேறொரு சிறுகோளின் நிலையை அளக்கத்தான் தொலைநோக்கியைத் திருப்பினேன். 28 செ.மீ. ஆடி, எஃப்/2, ஒரு பிக்சலுக்கு 1.25 விகலை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு). 60 நொடி வீதம் 45 படங்கள். அவற்றைப் பதினைந்து பதினைந்தாக மூன்று அடுக்காகச் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு புள்ளி நகர்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 0.3 விகலை, கிட்டத்தட்ட நேர் வடக்காக. மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்) 19-ஐ ஒட்டி இருக்கும். அக்கம்பக்கத்து விண்மீன்களைவிடக் கொஞ்சம் பருத்துத் தெரிகிறது.

சிறுகோள், வால்மீன் அளவுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரின் தேடுபக்கத்தில் அந்த இடத்தைச் சுற்றி 15 கலை (ஒரு கலைக்கு 60 விகலை) வரை பார்த்துவிட்டேன். தெரிந்த பொருள் ஒன்றே ஒன்று: நான் அளக்கப் போன அதே சிறுகோள். அது வேறு திசையில் போகிறது.

அறிக்கை அனுப்பலாமா? கை பரபரக்கிறது.

பழைய_ஆடி

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். முதலில் நான்கு கேள்வி.

பக்கத்தில் பிரகாசமான விண்மீன் உண்டா? 45 படங்கள் எடுத்த நேரத்தில் குழாய் எவ்வளவு நழுவியது? அடுக்கும்போது எதை நிலையாக வைத்தீர்கள், விண்மீன்களையா அந்தப் பொருளையா? அந்தப் புள்ளி கடந்துபோன பாதையில் பழைய வானப் படங்களில் என்ன இருக்கிறது?

நாலுக்கும் பதில் வரட்டும், அப்புறம் வாழ்த்துகிறேன்.

புதுசு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நகர்கிறது என்றாலே விண்மீன் இல்லை என்று ஆகிவிடுகிறதே? பிரகாசமான விண்மீனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய_ஆடி

நல்ல கேள்வி. இதில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள், நான் உட்பட.

பிரகாசமான விண்மீனின் ஒளி, திருத்தி வில்லையிலும் சென்சாரின் மூடு கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி, படத்தில் வேறோர் இடத்தில் மங்கலான ஒரு திட்டாக விழும். பார்த்தால் அச்சு அசல் வால்மீன். உருண்டை, ஓரம் கரைந்தது, சிலநேரம் ஒரு பக்கம் விசிறிபோல வாலும் இருக்கும். இதைத்தான் பேய்ப்பிம்பம் என்கிறோம்.

பேய்ப்பிம்பம் நகரவும் செய்யும். குழாய் மெல்ல நழுவும்போது விண்மீன்கள் எல்லாம் சென்சாரில் ஒரு பக்கமாகப் போகும். பெரும்பாலான பேய்ப்பிம்பங்கள் படத்தின் மையத்துக்கு எதிர்ப்புறத்தில் விழுவதால் அவை எதிர்ப்பக்கமாகப் போகும். விண்மீன்களை நிலையாக வைத்து அடுக்கினால், அந்தத் திட்டு நழுவலைப்போல இரண்டு மடங்கு நகர்ந்ததாகத் தெரியும். சீராக, நேர்க்கோட்டில், வேகத்தில் துளி மாறாமல்! எனக்கு ஒருமுறை அப்படி ஒன்று கிடைத்து, பெயர்கூட மனதில் வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் குழாயைப் பத்து கலை தள்ளி வைத்து எடுத்தேன், ஆளைக் காணோம்.

இருட்டுவானம்

பதில்கள்.

பிரகாசமான விண்மீன் உண்டு, மேக்னிட்யூட் 6, படத்தின் இடது மேல் மூலையில். வயிறு கலங்கிவிட்டது. அந்த விண்மீனிலிருந்து மையம் வழியாகக் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு வலது கீழ் மூலைக்குப் போகிறது. என் புள்ளி கீழே நடுவில் இருக்கிறது, கோட்டிலிருந்து 600 பிக்சல் தள்ளி.

நழுவல்: முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் மொத்தம் 3 பிக்சல், கிழக்குப் பக்கமாக. புள்ளி நகர்ந்தது 10 பிக்சலுக்கு மேல், வடக்காக. இரண்டும் ஒட்டவில்லை.

அடுக்கியது விண்மீன்களை நிலையாக வைத்துத்தான். பழைய படங்களை இன்னும் பார்க்கவில்லை.

சுற்றுப்பாதை

சரி, பேய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் "பருத்துத் தெரிகிறது" என்பதை இப்போதைக்கு அழித்துவிடுங்கள். நிமிடத்துக்கு 0.3 விகலை என்றால் 15 நிமிட அடுக்கில் 4.5 விகலை, அதாவது மூன்றரை பிக்சல் இழுபடும். விண்மீன்களை நிலையாக வைத்தால் எந்தச் சிறுகோளும் இந்த அடுக்கில் புழுவாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "கோமா (வால்மீனைச் சுற்றிய மங்கல் போர்வை) இருக்கிறது" என்று எழுதினால் சிரிப்பார்கள்.

பொருளின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி அடுக்குங்கள். அஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் ஆகிய இரண்டு மென்பொருள்களிலுமே அந்த வசதி இருக்கிறது. விண்மீன்கள் கோடுகளாகும், பொருள் புள்ளியாகும். பிறகு அதன் அரை உச்ச அகலத்தை, விண்மீன்களை நிலையாக வைத்த அடுக்கிலிருக்கும் விண்மீன்களின் அகலத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அளக்கப் போன சிறுகோள் அதே படத்தில்தானே இருக்கிறது? அதையும் அதன் வேகத்துக்கு ஏற்ப இதே மாதிரி அடுக்கி அகலத்தை அளந்து பாருங்கள். அதுவும் பருத்திருந்தால் கோளாறு உங்கள் அடுக்கில்தான்.

புதுசு

அரை உச்ச அகலம் என்றால்?

சுற்றுப்பாதை

புள்ளியின் ஒளி நடுவில் உச்சமாக இருக்கும், ஓரத்தில் தேயும். உச்சத்தில் பாதி ஒளி இருக்கும் இடத்தில் புள்ளி எத்தனை பிக்சல் அகலம் என்பதே அந்த அளவு. காற்றின் அலைவால் எல்லா விண்மீன்களும் ஒரே அளவு பருத்திருக்கும். அதைவிடத் தெளிவாகப் பருத்தது எதுவோ, அது விண்மீனைப்போன்ற புள்ளியாக இல்லை, அதைச் சுற்றி ஏதோ இருக்கிறது. வால்மீன் என்றால் தூசும் வாயுவும்.

இருட்டுவானம்

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.

விண்மீன்களின் சராசரி அகலம் 2.6 பிக்சல். சிறுகோள் 2.7. என் புள்ளி 3.9. மொத்தம் 45 படங்களையும் பொருளின் வேகத்தில் அடுக்கியபோது வந்த எண் இது.

அளக்கும் வட்டத்தைப் பெரிதாக்கினால் ஒளியும் கூடுகிறது: சிறிய வட்டத்தில் 19.1, பெரிய வட்டத்தில் 18.6. சிறுகோளில் அப்படிக் கூடவில்லை. வால் என்று சொல்ல எதுவும் இல்லை. தென்மேற்கில் ஒரு மெல்லிய நீட்சி இருப்பதுபோல் படுகிறது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு எனக்கு எல்லாமே நீண்டுதான் தெரியும்.

பழைய படங்களையும் பார்த்தேன். பான்ஸ்டார்ஸ் வானக் கணக்கெடுப்பின் ஆழமான படத்தில், நடு அடுக்கில் புள்ளி இருந்த இடத்துக்கு 2 விகலை பக்கத்தில் ஒரு மங்கலான விண்மீன் மண்டலம் இருக்கிறது. முதல் அடுக்கும் கடைசி அடுக்கும் சுத்தம்.

பழைய_ஆடி

அந்த விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். சாதாரணச் சிறுகோள் ஒன்று மங்கலான விண்மீன் மண்டலத்தின் மேல் போகும்போது, அரை மணி நேரம் அது வால்மீன் வேஷம் கட்டும். மறுநாள் வேஷம் கலைந்துவிடும். நடு அடுக்கை விட்டுவிட்டு, மற்ற இரண்டில் மட்டும் அகலத்தை அளந்து சொல்லுங்கள். நிலையளவையிலும் அந்த நடுப்புள்ளியை அனுப்பாதீர்கள், விண்மீன் மண்டலத்தின் ஒளி மையத்தை இழுத்திருக்கும்.

இருட்டுவானம்

முதல் அடுக்கு 3.8, கடைசி 4.0. நடு அடுக்கு இல்லாமலே பருத்திருக்கிறது.

சுற்றுப்பாதை

இப்போது நம்பிக்கை வருகிறது.

வேகத்தையும் கவனியுங்கள். சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும்போது முதன்மைப் பட்டையிலுள்ள சிறுகோள்கள் பொதுவாக நிமிடத்துக்கு அரை விகலையை ஒட்டி மேற்கே நகரும். வியாழன் அளவு தொலைவில் இருப்பவை 0.3-ஐ ஒட்டி. நீங்கள் பார்த்த இடம் எதிர்த்திசையிலிருந்து நன்றாகத் தள்ளி இருப்பதால் மேற்கு நோக்கிய நகர்வு குறையலாம், ஆனால் பொருள் கிட்டத்தட்ட நேர் வடக்காகவே போகிறது. சூரியப்பாதைத் தளத்துக்கு ரொம்பச் சாய்ந்த பாதை என்று அர்த்தம். சாய்ந்த பாதை, தொலைவு, பருமன் மூன்றும் சேர்ந்தால் என் பந்தயம் வால்மீன் பக்கம்.

ஆனால் ஒரே இரவு அளவுகளை வைத்துச் சுற்றுப்பாதை என்று எதையும் சொல்ல முடியாது. சுற்றுப்பாதை கணக்கிடும் ஃபைண்ட்_ஆர்ப் நிரலில் போட்டால் அது ஏதோ ஒன்றைத் துப்பத்தான் செய்யும், அதைப் பார்த்து மயங்காதீர்கள். அரை மணி நேர வில்லுக்கு, அதாவது பாதையின் அந்தச் சின்னத் துண்டுக்கு, ஆயிரம் வளையம் பொருந்தும்.

கோடைமேகம்

எதற்கு இத்தனை தயக்கம்? முதலில் அனுப்புகிறவர் பெயர்தானே வால்மீனுக்கு வரும்? நாலு பேர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது முந்திக்கொண்டால்?

பழைய_ஆடி

முந்தட்டும். தவறான அறிக்கை அனுப்பியவர் என்று பெயர் வாங்குவதைவிட அது மேல். வானியல் தந்திகளுக்கான மையப் பணியகத்துக்கு வரும் வால்மீன் அறிக்கைகளில் பெரும்பாலானவை இல்லாத வால்மீன்களைப் பற்றியவைதான். பேய்ப்பிம்பம், ஏற்கனவே தெரிந்த வால்மீன், விண்மீன் கொத்து. பழைய பிரெஞ்சு வால்மீன் வேட்டைக்காரர் மெஸ்ஸியே மங்கல் திட்டுகளின் பட்டியலைப் போட்டதே இந்த ஏமாற்றத்தால்தானே! வால்மீன் தேடுகிறவர்கள் இவற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று.

அப்புறம் ஒரு பழைய கதை. 1995 ஜூலை 23 இரவு, ஹேல் என்பவரும் பாப் என்பவரும் வெவ்வேறு இடங்களில் எம்70 என்ற விண்மீன் கொத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு மங்கல் திட்டு, மேக்னிட்யூட் 10.5 அளவில். ஹேல் மின்னஞ்சல் அனுப்பினார். பாப் தந்தி அடித்தார், நிஜத் தந்தி! இரண்டு பெயரும் வந்தன. அதில் எனக்குப் பிடித்தது வேகம் இல்லை. இருவரும் அந்தத் திட்டு பக்கத்து விண்மீன்களுக்கு நடுவே நகர்கிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

மேற்குவாசி

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் உங்களுக்கு ஆறு மணி நேரம் மேற்கே இருக்கிறேன், என்னிடம் 40 செ.மீ. இருக்கிறது, இன்று வானம் சுத்தம். முதல், கடைசி அளவுகளைக் கொடுத்தால் எனக்கு இருட்டும் நேரத்துக்கு இடத்தைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். இதற்குள் மைனர் பிளானட் சென்டருக்கு அனுப்பிவிடுங்கள், உங்களிடம் அவர்கள் கொடுக்கும் ஆய்வகக் குறியீடு இருக்கிறதுதானே?

இருட்டுவானம்

குறியீடு இருக்கிறது. இரண்டு நிலைகளையும் அனுப்பிவிட்டேன். குறிப்புப் பகுதியில் ஒரே வரி: பொருள் விண்மீன்களைவிடப் பருத்திருக்கிறது, அகலம் இவ்வளவு, விண்மீன்களின் அகலம் இவ்வளவு. "வால்மீன்" என்ற சொல்லை எழுதவில்லை.

இங்கே மேகம். தலைவிதி.

சுற்றுப்பாதை

புதுசுக்காக ஒன்று சொல்கிறேன். இரண்டாம் இரவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு சி/2023 ஏ3 வால்மீனைவிட நல்ல உதாரணம் இல்லை. 2024 அக்டோபரில் வெறுங்கண்ணுக்கே தெரிந்ததே, அதேதான். சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் ஆய்வகம் 2023 ஜனவரி 9-இல் அதைப் பார்த்து அறிவித்தது. உறுதிப்படுத்தும் பட்டியலில் போட்டார்கள். யாரும் பின்தொடரவில்லை. ஜனவரி 30-இல் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான், தொலைந்தது. பிப்ரவரி 22-இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லாஸ் தொலைநோக்கி புதிதாக ஒன்றைப் பார்த்தது. அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டியபோதுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. பலோமாரிலுள்ள கணக்கெடுப்பின் 2022 டிசம்பர் 22 படங்களிலும் அது இருந்தது. யாரும் கவனிக்காமல் வானத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

புதுசு

அப்படியானால் இப்போது பெரிய கணக்கெடுப்புகளே எல்லாவற்றையும் பிடித்துவிடாதா? 28 செ.மீ. வைத்திருப்பவருக்கு என்ன மிச்சம்?

பழைய_ஆடி

பெரும்பாலும் பிடித்துவிடுகின்றன, உண்மைதான். பான்ஸ்டார்ஸ் ஆடி 1.8 மீட்டர், மவுண்ட் லெம்மன் 1.5 மீட்டர். வேரா ரூபின் ஆய்வகத்துடையது 8.4 மீட்டர். நமக்கு மிச்சம் அவை பார்க்காத ஓரங்கள். சூரியனுக்குப் பக்கத்தில், விடியலுக்குச் சற்று முன், அடிவானத்தை ஒட்டி.

போரிசோவ் என்ற ஆர்வலர் 2019 ஆகஸ்ட் 30 அன்று தானே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியால் விடியற்காலை வானத்தில்தான் தன் பெயர் கொண்ட வால்மீனைப் பிடித்தார். வேறொரு விண்மீனிடமிருந்து வந்ததாக நமக்குத் தெரிந்த முதல் வால்மீன். ஜப்பானிய ஆர்வலர் நிஷிமுரா 2023 ஆகஸ்டில் தன் வால்மீனைப் பிடித்தது சாதாரண டிஜிட்டல் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும் வைத்து. அதன் படங்கள் அந்த ஆண்டு ஜனவரியிலேயே பான்ஸ்டார்ஸ் கிடங்கில் இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

நம்ம இந்திய வானியலாளர் வைணு பாப்புவையும் சொல்லாமல் விட முடியாது. 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது வேறு வேலைக்காக எடுத்த ஒளிப்படத் தகட்டில் தென்பட்டதுதான் பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன். இருட்டுவானம் போனதும் வேறு வேலைக்குத்தானே.

மேற்குவாசி

கிடைத்துவிட்டது!

கணக்கிட்ட இடத்திலிருந்து 25 விகலை தள்ளி. 120 நொடி வீதம் 30 படங்கள், பொருளின் வேகத்தில் அடுக்கியது. என் விண்மீன்கள் 2.9 விகலை, பொருள் 5.2 விகலை. இந்த இடத்தில் பின்புலத்தில் விண்மீன் மண்டலம் ஏதும் இல்லை, இரண்டு முறை பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன தென்மேற்கு நீட்சி நிஜம்தான், சுமார் 8 விகலை நீளம். உங்கள் ராத்திரி இரண்டு மணிக் கண்ணுக்கு மரியாதை.

அளவுகளை அனுப்பிவிட்டேன்.

இருட்டுவானம்

இதைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். மேகம் மட்டும்தான் இருந்தது. பரவாயில்லை.

சுற்றுப்பாதை

வால்மீனாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவற்றின் பட்டியலைப் பாருங்கள். வந்திருக்கிறது. ஆனால் ஒரு சேதி இருக்கிறது, உட்கார்ந்து படியுங்கள். பொருளுக்குக் கொடுத்திருக்கும் தற்காலிகக் குறியீடு உங்களுடையது இல்லை. கணக்கெடுப்புத் தொலைநோக்கி ஒன்று மூன்று இரவுகளுக்கு முன்பே இதைப் பார்த்து, சாதாரணப் புள்ளியாக அனுப்பியிருக்கிறது. உங்கள் அளவுகளை அதோடு இணைத்துவிட்டார்கள்.

கோடைமேகம்

நான் அப்போதே சொன்னேனே, சீக்கிரம் அனுப்புங்கள் என்று!

பழைய_ஆடி

மூன்று இரவுகளுக்கு முன் இவர் அந்தப் பக்கம் குழாயைத் திருப்பவே இல்லையே, எப்படி அனுப்புவார்?

இருட்டுவானம்

பொய் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் வருத்தமாக இருந்தது. கணக்கெடுப்பு அதைப் புள்ளியாகத்தானே பார்த்தது, மங்கல் இருக்கிறது என்று சொன்னது நாம்தானே. அதற்குப் பெயரில் இடம் உண்டா?

சுற்றுப்பாதை

பொதுவாக இல்லை. பொருளை முதலில் பார்த்து அறிவித்தவருக்குத்தான் பெயர். சி/2025 ஏ6-உம் முதலில் சிறுகோள் மாதிரிதான் தெரிந்தது, வால்மீன் என்று பிற்பாடுதான் தெரியவந்தது. முதலில் பார்த்தது மவுண்ட் லெம்மன் கணக்கெடுப்பு, அதனால் பெயர் லெம்மன்தான். குறியீடும் அப்படியே கண்டுபிடித்த நாளைத்தான் பின்பற்றும்: ஏ என்றால் ஜனவரி முதல் பாதி, பி என்றால் இரண்டாம் பாதி, இப்படி ஐ எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

ஆனால் சுற்றறிக்கை வரும்போது, கோமாவை யார் பார்த்தார்கள், எந்தக் கருவியில், எவ்வளவு அகலம் என்று வரிசையாக எழுதுவார்கள். அங்கே இருப்பீர்கள்.

மேற்குவாசி

இன்னொரு இரவும் எடுத்தேன், நீட்சி அப்படியே இருக்கிறது. ஒரு கணக்கெடுப்பின் கிடங்கில் ஐந்து வாரத்துக்கு முந்தைய படத்திலும் அதைத் தோண்டி எடுத்தேன், மேக்னிட்யூட் 20-ஐவிட மங்கலாக, தெரிந்தும் தெரியாமலும். வில் நீண்டுவிட்டது.

சுற்றுப்பாதை

அந்த ஐந்து வாரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. சில இரவுகளை மட்டும் வைத்துப் பார்த்தபோது, சூரியனை நெருங்கும் நாள் ஓர் ஆண்டு முன்னே பின்னே ஆடிக்கொண்டிருந்தது. இப்போது சில நாட்களுக்குள் அடங்கிவிட்டது: அடுத்த ஆண்டு, சூரியனிலிருந்து சுமார் 4 வானியல் அலகில் (பூமி-சூரியன் தொலைவைப்போல நான்கு மடங்கு). பாதை கிட்டத்தட்ட பரவளையம், ரொம்பத் தொலைவிலிருந்து வருவது.

புதுசு

4 வானியல் அலகு என்றால், வெறுங்கண்ணுக்கு?

சுற்றுப்பாதை

வாய்ப்பே இல்லை. நன்றாக வந்தால் மேக்னிட்யூட் 17. சூரியனுக்குக் கிட்டேயே வராத வால்மீன். செய்தித்தாளில் ஒரு வரியும் வராது.

இருட்டுவானம்

சுற்றறிக்கை வந்துவிட்டது. கணக்கெடுப்பின் பெயர்தான். நான்காவது பத்தியில் என் ஆய்வகக் குறியீடு, 28 செ.மீ., எஃப்/2, 3.9 பிக்சலை விகலையாக்கி 4.9 என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே மேற்குவாசியின் 5.2. அந்தப் பத்தியை ஏழெட்டு முறை படித்துவிட்டேன்.

இன்று மேகம் விலகும்போல் இருக்கிறது. மறுபடியும் எடுக்கப் போகிறேன்.

பழைய_ஆடி

எடுங்கள். இந்த முறை அந்த மேக்னிட்யூட் 6 விண்மீனைப் படத்துக்கு வெளியே வைத்து எடுங்கள். அளந்த பிறகு பின்புலத்தில் விண்மீன் மண்டலம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினால் நானே வந்து திட்டுவேன்.